அம்மாவின் ஆங்கிலமும் கல்லூரிப் பாடம்தான்!

கணக்குப் படிக்க வந்தவரோ, உயிரியல் படிக்க வந்தவரோ, அமெரிக்கக் கல்லூரிகளில் சேரும் பெரும்பாலான மாணவர்கள் முதல் வருடமே ஒரு வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். அது, கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு. 1880-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வழிகாட்டிய ஏற்பாடு இது.

அங்கே பல ஆசிரியர்கள் மாணவர்கள் கையில் கொடுப்பது ஒரு கட்டுரைத் தொகுப்பு. 1965-ல் முதன்முதலில் வந்த ‘நார்ட்டன் ரீடர்’ அப்படிப்பட்ட ஒன்று. பல பதிப்புகள் கண்ட புத்தகம்!

கட்டுரை என்றாலே பெரிய வார்த்தைகள், பெரிய விஷயங்கள் என்று பயந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தொகுப்புகள் ஆச்சர்யம் தருகின்றன. இவற்றில் அடிக்கடி இடம்பெறுபவர் ஜார்ஜ் ஆர்வெல். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். யானையைச் சுட்ட கதையை 1936-ல் எழுதினார். சுட மனமில்லை. ஆனால், பின்னால் நிற்கும் கூட்டம் சிரித்துவிடுமே என்று சுட்டதாக ஒப்புக்கொள்கிறார்.

இன்னொருவர் ஏமி டேன். சீனாவிலிருந்து வந்த தன் அம்மாவின் உடைந்த ஆங்கிலத்தைப் பற்றி 1990-ல் எழுதினார். சின்ன வயதில் அம்மா போலவே போனில் பேசி காரியம் முடித்துக் கொடுத்தவர் அவர். அம்மாவின் ஸ்கேன் தொலைந்துவிட்டது என்று அலட்சியமாகச் சொன்ன மருத்துவமனை, நல்ல ஆங்கிலத்தில் மகள் பேசியதும் மன்னிப்புக் கேட்டது. அம்மாவின் பேச்சை நினைத்து ஒரு காலத்தில் கூச்சப்பட்ட மகள், பிறகு அந்த அம்மாவையே தன் வாசகியாக மனதில் வைத்துக் கதை எழுதினார்.

வேற்று நாட்டிலிருந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை இதைப் படித்தால், ‘எங்கள் வீட்டுக் கதையும் எழுதத் தகுந்ததுதானா!’ என்று நிமிர்ந்து உட்காராதா?

ஒரு சிக்கலும் உண்டு. கட்டுரையைப் படித்து, விவாதித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எழுத நேரம் இருக்காது. நீச்சல் பற்றிப் பேசிவிட்டு, குளத்தில் இறங்காமல் வீடு திரும்புவது போலத்தான்! அதனால், ஒரே ஒரு பத்தியை எடுத்து, எங்கே தொடங்குகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்துவிட்டு, அன்றே மாணவர்களையும் ஒரு பத்தி எழுதவைப்பது நல்லது.

எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ‘வெளியே சொல்லக் கூச்சப்பட்ட ஒரு விஷயத்தை, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுது’ என்று சொல்லிப் பாருங்கள். பேனா தானாக நகரும்!