அவசரப் பிரிவில் பொறுமை ஏன்?

ஊரை விட்டுப் பலநூறு மைல் தள்ளி வாழும் நம் குடும்பங்களில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு ஏறிவிட்டால் அச்சம் இரு மடங்காகிறது. உற்றார் அருகில் இல்லை. டாக்டரிடம் பேசும் மொழியும் நமதன்று. ஆகவே நாம் கண்டறிந்த ஒன்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற தை மாதம் நம் மாமனார் நாகபுரிக்கு வந்திருந்தார். மாத்திரைகளை ஊரிலேயே மறந்துவிட்டபடியால் நான்கு நாட்கள் மருந்தின்றி இருந்தார். அண்டை வீட்டு அன்பரின் கருவி 204/112 என்று காட்டியது. வீடே கலங்கிற்று. "எனக்கு ஒன்றுமில்லை மாப்பிள்ளை, பதறாதீர்கள்" என்றார் அவர். நாம் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

அவசரப் பிரிவு டாக்டர் அவரை அமைதியாக அமரச் செய்து, இரு கைகளிலும் அளந்தார். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் உண்டா என வினவினார். இ.சி.ஜி. எடுத்தார், இரத்தமும் சிறுநீரும் சோதித்தார். அரைமணியில் அழுத்தம் 178/100 ஆயிற்று. பழைய மாத்திரையையே கொடுத்து, இரண்டு நாளில் வரச் சொல்லி அனுப்பினார்.

நமக்குச் சினம் வந்தது. ஊசி போட்டு உடனே இறக்கலாகாதா என்று கேட்டோம். டாக்டர் விளக்கினார்: நெடுநாள் உயர் அழுத்தத்தில் மூளையின் இரத்தக் குழாய்கள் அதற்கே பழகிவிடுகின்றன. சட்டென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்திற்கும் இரத்தம் போதாமல் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். முன்னாளில் நிஃபெடிபின் குளிகையை உடைத்து நாவின் அடியில் விடும் வழக்கம் இருந்தது. அதனால் விளைந்த கேடுகளைக் கண்டு, அதை நிறுத்தவேண்டும் என்று 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் மருத்துவர்கள் வற்புறுத்தினர். விரைந்து வரும் வண்டியையும் படிப்படியாகத்தானே நிறுத்துகிறோம்!

அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றில் ஏதேனும் புதிதாகப் பழுதுபட்டால்தான் உண்மையான ஆபத்து. அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் நரம்பின் வழியே மருந்து செலுத்துவர். பெரும்பாலோர்க்கு முதல் மணியில் கால் பங்குக்கு மேல் இறக்குவதில்லை. அடுத்த இரண்டு முதல் ஆறு மணிக்குள் 160/100 அளவுக்கும், பின்னர் ஓரிரு நாளில் இயல்பு நிலைக்கும் கொணர்வர். மகாதமனி கிழிந்தவர் போன்ற சிலருக்கு மிக விரைவாகக் குறைக்கவேண்டும். கருவுற்ற பெண்களுக்கு 160/110 என்றாலே தாமதியாது செல்லவேண்டும்.

அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. ஐந்து நிமிடம் அமர்ந்த பின்னரே அளவு பாருங்கள். பிறர் மாத்திரையை இரவல் வாங்காதீர்கள். முகம் கோணினாலும், கைகால் தளர்ந்தாலும், நெஞ்சு வலித்தாலும் கைமருந்து தேடாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மகாராஷ்டிரத்தில் அதற்கு எண் 108. மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருங்கள். மொழி தெரியாத ஊரில் நமக்காக அது பேசும்.

மாமனாரை வண்டியேற்றியபோது அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "டிக்கெட்டும் இங்கே, மாத்திரையும் இங்கே, மாப்பிள்ளை!" என்றார். நம் மனம் நிறைந்தது.