பந்தி ஒழுங்கும் பிறப்பு வேற்றுமையும்: சேரன்மாதேவி குருகுலத்தை முன்வைத்து

முன்னுரை

உணவு உண்ணும் முறை, யார் யாருக்கு நிகர் என்பதை உணர்த்தும் சமூக விதியும் ஆகும். ஜப்பானிய மரபில் வாயிலுக்கு மிகத் தொலைவிலுள்ள இருக்கை மதிப்புக்குரிய விருந்தினருக்கு உரியது. அமரும் இடமே தகுதியைக் கூறிவிடுகிறது. தமிழ் மரபில் இதனைக் கூறுவது பந்தி. பந்திக்குள் சமன்மையைப் போற்றிய வழக்கம், பந்தியைப் பிரிப்பதைக் குற்றமாகக் கருதியதா என்னும் வினா தாமிரபரணிக் கரையில் எழுந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பந்தி வஞ்சனை

வாழையிலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் அமைதல், மங்கல விருந்தில் உண்டபின் இலையைத் தம்மை நோக்கி மடித்தல், உடனுண்போர் முடிக்குமுன் எழாமை முதலியன பந்தி ஒழுங்குகள். ஒருவருக்கு மிகுத்தும் மற்றவருக்குக் குறைத்தும் பரிமாறுதல் 'பந்தி வஞ்சனை' எனப் பழிக்கப்படும். ஆயின் இவ்வறம் ஒரே பந்தியில் அமர்ந்தோரை மட்டுமே காக்கும். பந்தியையே இரண்டாக்கிவிட்டால் வஞ்சனை என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை.

குருகுலப் போராட்டம்

வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடைபெற்றது. தமிழ்நாடு காங்கிரசு 10,000 ரூபாய் அளிக்க இசைந்து, 5,000 ரூபாயை வழங்கியது. அங்குப் பிராமண மாணவர் இருவர் தனியே உண்ண இடமளிக்கப்பட்டது. பெற்றோருக்குத் தந்த வாக்கு என்பது ஐயரின் நிலைப்பாடு. பொதுப்பணத்தில் இயங்கும் தேசிய நிறுவனத்தில் பிறப்பு வேற்றுமை கூடாது என்பது பி. வரதராஜுலு நாயுடு, ஈ.வெ. ராமசாமி ஆகியோரின் வாதம். அவ்விருவருக்கு மட்டும் விலக்களித்து, இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்க வேண்டா எனக் காந்தி கூறிய சமரசம் ஏற்கப்படவில்லை. 1925இல் காங்கிரசுக் குழு, தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது எனத் தீர்மானித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் ஐயர் உயிரிழந்தார். ஆண்டு முடிவதற்குள் ஈ.வெ.ரா. காங்கிரசிலிருந்து வெளியேறினார்.

முடிவுரை

இருவரின் தனி இலை ஒரு மாகாண அரசியலின் திசையை மாற்றியதற்குக் காரணம், அது பந்தி வஞ்சனையின் எல்லையை விரித்தமையே. பரிமாறுவதில் மட்டுமன்றி, உடன் அமர மறுப்பதிலும் வஞ்சனை உண்டு என்பதை அப்போராட்டம் நிறுவியது. இன்று விடுதலை நாளில் கோயில்களில் நடைபெறும் சமபந்தி விருந்து அவ்விரிந்த பொருளையே தாங்கி நிற்கிறது. எனவே உணவு மரபை ஆராய்வோர், எவ்வாறு உண்டனர் என்பதோடு யாருடன் உண்டனர் என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.