முன்மாரியும் பின்மாரியும்

தானா ராத்தா வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேயிலையைப் பற்றிப் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறு வியாபாரம். அதைத் தேயிலையிலிருந்து தொடங்கினால்தான் நமக்கு எளிதில் விளங்கும்.

நாற்றைக் கொண்டுபோய் மலைச்சரிவில் நட்ட பிறகு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு நாம் அதிலிருந்து ஒழுங்காகக் கொழுந்து எடுப்பதில்லை. களை பிடுங்குகிறோம், உரம் போடுகிறோம், உச்சியை வெட்டிப் பக்கக் கிளைகளைப் படரவிடுகிறோம். அந்த நாட்களில் செலவு உண்டு, வரவு இல்லை. ஆசைப்பட்டு இளஞ்செடியை மொட்டையடித்தால் வேர் தளர்ந்துவிடும்.

விவிலியத்தில் லேவியராகமம் என்னும் ஆகமத்திலும் இதே கணக்கு இருக்கிறது. கனிமரம் நட்டால் முதல் மூன்று ஆண்டு அதன் பழத்தைத் தொடலாகாது. நான்காம் ஆண்டின் பழம் இறைவனுக்கு. ஐந்தாம் ஆண்டிலிருந்துதான் உழவனுக்கு. பாலைவன ஓரத்தில் வாழ்ந்த மக்களுக்குச் சொன்னது, நம் மலைக்கும் பொருந்துகிறது பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் முருகனையும் மாரியம்மனையும் வணங்குகிறவர்கள். நல்ல கணக்கு எந்த ஏட்டில் இருந்தாலும் படித்துக்கொள்ளலாம் அல்லவா?

இதை ஏன் இப்போது சொல்கிறோம் என்றால், தோட்ட வேலை போதும், கடை வைக்கலாம் என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் கடை திறந்த மூன்றாம் மாதமே அந்த வருமானத்தில் மோட்டார் சைக்கிள், தொலைக்காட்சிப் பெட்டி என்று தவணையில் வாங்கத் தொடங்கினால், இளஞ்செடியில் கொழுந்து பறித்த கதைதான். சரக்கு வாங்க முதல் இராது. அடுத்த படி வட்டி முதலையின் வாசல். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்று வந்தது. புதிதாகச் செலுத்தப்படும் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேரும்; எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எப்போதும் எடுக்கலாம் என்பதனாலேயே அது ஆபத்தான கணக்கும் ஆகிறது.

பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சோம்பல். யாக்கோபு எழுதிய நிருபத்தில், முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை காத்திருக்கும் பயிர்க்காரன் ஒருவன் காட்டப்படுகிறான். அந்த நாட்டில் அக்டோபர், நவம்பர் வாக்கில் பெய்யும் முதல் மழை, காய்ந்து இறுகிய நிலத்தை இளக்கும். அப்போது உழுது விதைப்பார்கள். மார்ச், ஏப்ரலில் பெய்யும் கடைசி மழை கதிரில் மணி பிடிக்க உதவும். முன்மாரியில் விதைக்காதவன் பின்மாரிக்குக் காத்திருந்து என்ன பயன்? நம் கொழுந்தும் அப்படியே. முந்தினால் செடிக்குக் கேடு. பிந்தினால் இலை முற்றிக் கடினமாகிவிடும். பறித்ததைச் சாக்கில் அழுத்தி வைத்தால் சூடேறிக் கெட்டுப்போகும். பொறுக்க வேண்டிய இடமும் விரைய வேண்டிய இடமும் ஒரே தொழிலில் இருக்கின்றன.

பொறுமைக்கு நம் மக்களே காட்டிய பெரிய சான்று ஒன்று உண்டு. 1950களில் ஆங்கிலேயர் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். தொழிலாளர் வேலையையும் இழந்தார்கள், தலைமுறையாகக் குடியிருந்த வீட்டையும் இழந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன், பின்னாளில் துன் பட்டம் பெற்றவர், தோட்டம் தோட்டமாகச் சென்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்குப் பணம் 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அந்நாளில் 10 வெள்ளி என்பது பல நாள் கூலி. அடுத்த மாதமே இலாபம் தருவதாக யாரும் ஆசை காட்டவில்லை. 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. கொஞ்சங் கொஞ்சமாகக் கையால் சேர்த்த பொருள் பெருகும் என்று நீதிமொழிகள் கூறுவதைப் படிக்காதவர்களே அதைச் செய்து முடித்தார்கள்! சம்பந்தனும் காலத்தை அறிந்தே இறங்கினார். இன்னும் பத்தாண்டு கழித்துத் தொடங்கியிருந்தால் வாங்குவதற்குத் தோட்டம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

சிறு கடைக்கு வருவோம். நம் ஊரில் பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மழை மாதத்து வார நாட்களில் தெரு வெறிச்சோடும். எகிப்தில் யோசேப்பு, விளைந்த ஏழு ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் களஞ்சியத்தில் வைத்தார். பஞ்சம் வந்த ஏழு ஆண்டுகளில் நாடு பிழைத்தது. விடுமுறையில் கிடைக்கும் இலாபத்தில் ஐந்துக்கு ஒரு வெள்ளி தனியே வையுங்கள். வீட்டுச் செலவு டப்பாவில் வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் எழுதி, வங்கியில் வையுங்கள். கணக்கை வீட்டுப் பெண்கள் எழுதினால் இன்னும் நல்லது என்பது நம் கருத்து.

வியாபாரத்தைப் பெரிதாக்கும் வேளை எது என்ற கேள்விக்கும் மலையிலேயே விடை இருக்கிறது. கவாத்து வெட்டிய செடி சில மாதம் வெறுங்குச்சியாக நிற்கும், கொழுந்து வராது. ஆகவேதான் எந்தத் தோட்டத்திலும் எல்லா மலையையும் ஒரே ஆண்டில் கவாத்து வெட்டுவதில்லை. ஒரு பகுதியை வெட்டும்போது மற்றப் பகுதிகளிலிருந்து கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கும். காலையில் வடையும் தேநீரும் விற்கும் ஓர் அம்மா பிரிஞ்சாங் இரவுச் சந்தையிலும் கடை போட விரும்பினால், காலைக் கடையை மூட வேண்டியதில்லை. முதலில் சனிக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கட்டும். எண்ணெய், மாவு, எரிவாயு, இடவாடகை, வண்டிச் செலவு எல்லாவற்றையும் தனி ஏட்டில் எழுதட்டும். ஒரு விடுமுறைக் காலமும் ஒரு மழைக் காலமும் கடந்த பிறகு அந்த ஏட்டைப் பிரித்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்ப்பதா என்று முடிவு செய்யலாம்.