வளவில் விழும் மழை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மாளிகைகளை அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பர்மா தேக்கு, சுதைச் சிற்பம், முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுவர், காலடியில் ஆத்தங்குடிக் கல். இதெல்லாம் எழுதி எழுதித் தேய்ந்த சங்கதி. நான் போனது ஐப்பசி அடைமழையில். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன்.

முகப்பைக் கடந்து வளவில், அதாவது திறந்த நடு முற்றத்தில், நின்றால் நாலு பக்கத்து ஓடும் உள்முகமாகச் சரிகிறது. விளிம்பில் தகரத் தூம்பு, அதன் வாய்க்கு நேர்கீழே ஓர் அண்டா. ஓட்டுத் தூசி கழுவிப் போகட்டும் என்று முதல் மழையை விட்டுவிட்டுத்தான் அண்டாவை வைப்பார்களாம். மிச்சத் தண்ணீர் மூலையிலுள்ள கல் துளை வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போகும். அங்கிருந்து ஊருணிக்கு.

வற்றாத ஆறில்லாத செம்மண் சீமை. அன்று குடிக்கவும் குளிக்கவும் வானம்தான் கதி. அதனால்தான், விழுந்த தண்ணீர் தடங்கலில்லாமல் ஊருணிக்கு ஓட, சதுரங்கக் கட்டம்போல நேர்நேரான தெருக்கள். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. இரண்டுக்கும் நடுவே வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. ஊரின் வரைபடத்தைப் போட்டதே மழைதான் என்பேன். காற்றும் வெளிச்சமும்தான் காரணம் என்பாரும் உண்டு, இருக்கட்டும்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் இடம்பிடித்தது செட்டிநாட்டின் 'கிராமத் தொகுப்பு'. தனித்தனி மாளிகைகள் அல்ல. செட்டிநாடு ஒரு காலத்தில் 96 ஊர்களாக இருந்தது, இன்று 70 சொச்சம். வீட்டைப் பிரித்துத் தூணை விற்றால் ஊரே பதறுகிறது. வாய்க்காலை மூடினால்?

மூடியாயிற்று. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. நான் ஒதுங்கிய வீட்டில் வாசற்படி ஐந்தாம். எண்ணினேன், மூன்றுதான் தெரிந்தது. வளவுத் துளை இப்போது தெருமட்டத்துக்குக் கீழே. வெளியே போக வேண்டிய தண்ணீர் திரும்பி உள்ளே வருகிறது. ஆள் குடியில்லாத வீடு. காவலுக்கு இருக்கும் அம்மா தென்னந்துடைப்பத்தால் வளவுத் தண்ணீரை முகப்புவரை தள்ளிக்கொண்டே வந்தார். வாசலில் முழங்கால் அளவு நின்றது.

மழை விட்டதும் ஊருணிக்கு நடந்தேன். அடிப்படி இரண்டு நனைந்திருந்தது, அவ்வளவுதான்.