இரவுச் சாப்பாடு உண்டா?

பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்துக்கு 1995 முதல் ஒரு நோய் காலண்டர் பார்த்து வந்து போய்க்கொண்டிருந்தது. மே நடுவில் தலைகாட்டும், ஜூனில் உச்சம் தொடும், ஜூலையில் மழை வலுத்ததும் மறைந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் வரை ஓடியாடிய பிள்ளை விடியற்காலையில் வீறிட்டு அலறி விழிக்கும். வலிப்பு வரும், நினைவு தப்பும். 2013-ல் அங்குள்ள இரண்டு பெரிய மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 133 குழந்தைகளில் 59 பேர் இறந்துபோனார்கள்.

மூளைக்காய்ச்சல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பகுதிக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் புதிதல்ல. வௌவால் கடித்த பழத்தால் பரவும் வைரஸாக இருக்கலாம் என்றார்கள். வெயிலின் உக்கிரம் என்றார்கள். தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து என்றார்கள். இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையமும் சேர்ந்து ஆய்வில் இறங்கியபோது இத்தனை சந்தேகங்களும் மேசைமேல் இருந்தன.

ஒரு ஊரில் நோய் யாருக்கு, எங்கே, எப்போது வருகிறது என்று பார்த்து அதிலிருந்து காரணத்துக்குப் போவது நோய்ப்பரவலியல். கிருமியைத் தேடுவது அதற்கு முதல் வேலையல்ல. யாரை நோயாளியாகக் கணக்கில் எடுப்பது என்று வரையறுப்பதுதான் முதல் வேலை. வயது 15-க்கு மேல் போகக்கூடாது. வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ புதிதாக வந்திருக்க வேண்டும். இப்படி ஒரு கோடு போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கியதுமே வைரஸ் கதையில் ஓட்டைகள் தெரிந்தன. 2013-ல் வந்த குழந்தைகளில் 61 சதவீதம் பேருக்கு மருத்துவமனைக்கு வரும்போது காய்ச்சலே இல்லை. தண்டுவட நீரில் அழற்சியின் அடையாளம் பெரும்பாலும் காணோம். ஒரு கிராமத்தில் ஒரு குழந்தை விழுந்தால், அதே பாயில் படுத்திருந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொற்றிப் பரவும் நோய் இப்படி நடந்துகொள்வதில்லை.

இன்னொரு தடயம் ரத்தத்தில் இருந்தது. சில குழந்தைகளுக்குச் சர்க்கரை அளவு மிகவும் இறங்கியிருந்தது. அவர்களுக்குச் சாகும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் தெரியாத நிலையிலேயே ஆய்வுக் குழு ஒரு பரிந்துரை செய்தது: இந்த அறிகுறிகளோடு எந்தக் குழந்தை வந்தாலும் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் அங்கேயே குளுக்கோஸ் ஏற்றுங்கள். 2014-ல் அந்த இரண்டு மருத்துவமனைகளிலும் 390 குழந்தைகள் சேர்ந்தார்கள். 122 பேர் இறந்தார்கள். இறப்பு விகிதம் 44 சதவீதத்திலிருந்து 31-க்கு இறங்கியிருந்தது. அத்தனையும் குளுக்கோஸின் பலன் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முழு விடை கைக்கு வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பது இந்தத் துறையின் வழக்கமல்ல.

காரணத்தைத் தேடும் வேலை அதே கோடையில் நடந்தது. முசாபர்பூர் இந்தியாவின் லிச்சித் தோட்டம். நோய் வரும் வாரங்களும் பழம் பறிக்கும் வாரங்களும் ஒன்றே. அப்படியானால் லிச்சிதான் குற்றவாளி என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்த மாதங்களில் ஊர்க் குழந்தைகள் எல்லோருமே தோப்பில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்கிறார்கள். நோயுற்ற குழந்தையின் தாயிடம் மட்டும் "பழம் தின்றானா?" என்று கேட்டால், "ஆமாம்" என்ற பதிலுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அந்த நோய் வராத குழந்தையின் தாயிடமும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

அதைத்தான் செய்தார்கள். நோயுற்ற 104 குழந்தைகள். அவர்களுக்கு இணையாக, அதே வயதில், வேறு காரணங்களுக்காக மருத்துவமனைக்கு வந்திருந்த 104 குழந்தைகள். இரு தரப்பாரிடமும் ஒரே கேள்விப் பட்டியல். முந்தின 24 மணி நேரத்தில் பிள்ளை என்ன தின்றது? தோப்புக்குப் போனதா? ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததா, வெறும் வயிற்றோடு படுத்ததா?

விடை எண்களில் வந்தது. லிச்சி தின்றிருப்பதற்கான வாய்ப்பு நோயுற்றவர்களிடம் மற்றவர்களைவிட 9.6 மடங்கு, இரவு சாப்பிடாமல் படுத்திருப்பதற்கான வாய்ப்பு 2.2 மடங்கு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. இரவுச் சாப்பாடு இல்லாத குழந்தையிடம் லிச்சி செய்த கெடுதல், சாப்பிட்டுப் படுத்த குழந்தையிடம் செய்ததைவிட வெகு அதிகம்.

ஆனாலும் இந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. சாகக் கிடக்கும் பிள்ளையின் தாய் நேற்றைய நாளை நிமிஷம் நிமிஷமாக யோசித்துப் பார்த்திருப்பாள். மற்ற தாய் அவ்வளவு யோசித்திருக்க மாட்டாள். இந்த ஏற்றத்தாழ்வே பொய்யான விடையைத் தந்துவிடலாம். எனவே நினைவை நம்பாத சாட்சி ஒன்று வேண்டியிருந்தது. அது சிறுநீரில் கிடைத்தது. பரிசோதித்த 73 நோயாளிகளில் 48 பேரின் சிறுநீரில் லிச்சியின் நச்சுகள் உடலில் சிதைந்ததற்கான தடயம் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 15 பேரில் ஒருவரிடமும் இல்லை. கிருமிக்கும் பூச்சிமருந்துக்குமான சோதனைகளில் எதுவும் சிக்கவில்லை.

இந்த நச்சுகள் அறிவியலுக்குப் புதியவையும் அல்ல. ஜமைக்காவில் பழுக்காத ஆக்கி பழத்தைத் தின்றவர்களுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து உயிர் போவதுண்டு. ஹைப்போகிளைசின் என்ற பொருளே அதற்குக் காரணம் என்பது 1950-களிலேயே தெரிய வந்தது. லிச்சி விதையில் அதன் நெருங்கிய உறவுப் பொருள் இருப்பது 1962-ல் தெரிந்தது. ஆக்கியும் லிச்சியும் நம் பூந்திக்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். முசாபர்பூர் நோயையும் ஆக்கியையும் ஒப்பிட்டு, இது கிருமியின் வேலையாக இருக்காது என்று முன்கூட்டியே எழுதியவர்களில் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான்.

உடலுக்குள் நடப்பது இதுதான். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பங்கை ஈரல் குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோல் சேமித்துக்கொள்கிறது. இரவெல்லாம் அதிலிருந்து எடுத்துத்தான் ரத்தத்துக்குச் சர்க்கரை தருகிறது. சத்தில்லாத சின்னக் குழந்தையின் ஈரலில் இருப்பதே கொஞ்சம், விடிவதற்குள் தீர்ந்துவிடும். அப்போது உடல் கொழுப்பை எரித்து அந்த ஆற்றலில் புதிதாகச் சர்க்கரை செய்யப் பார்க்கும். லிச்சி நச்சு அடைப்பது அந்த வழியைத்தான். சர்க்கரை தரைமட்டத்துக்குப் போகிறது, மூளை தவிக்கிறது. நோய் ஏன் விடியற்காலையில் வந்தது, ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் ஏன் வந்தது என்பதற்கெல்லாம் இதில் பதில் இருக்கிறது.

ஆய்வு 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. வங்கதேசத்தில் லிச்சித் தோட்டங்களை ஒட்டி வந்த இதே போன்ற நோய்க்குப் பூச்சிமருந்தைச் சந்தேகிக்கிறது இன்னொரு குழு. முசாபர்பூர்க் குழு சொன்ன மூன்று பரிந்துரைகள் எளிமையானவை: சிறு குழந்தைகள் லிச்சி தின்பதைக் குறையுங்கள், பருவம் முடியும்வரை இரவில் சாப்பாடு கொடுக்காமல் தூங்க வைக்காதீர்கள், நோய் என்றால் முதலில் சர்க்கரையைச் சரிசெய்யுங்கள்.

2014-க்குப் பிறகு சில ஆண்டுகள் நோய் அடங்கியிருந்தது. 2019 ஜூனில் மறுபடி தலைதூக்கி, பீகாரில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டுபோனது. உடனே ஊடகங்களில் லிச்சி மறுபடி கூண்டில் ஏறியது. ஆனால் ஆய்வு குற்றம் சாட்டியது பழத்தை மட்டுமல்ல. வசதியான வீட்டுக் குழந்தைகளும் அதே பழத்தைத் தின்று நன்றாகத்தான் இருந்தார்கள். எதை மாற்றினால் சாவு குறையும் என்று காட்டுவது வரைதான் நோய்ப்பரவலியலின் வேலை. அது காட்டிய இரண்டு காரணங்களில் பழத்தைத் திட்டுவது சுலபம். ஒரு மாவட்டத்துக் குழந்தைகள் பசியோடு படுக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அரசு வேண்டும்.