மௌமி ஆற்றின் வசந்தக் கணக்கு

மார்ச் முதல் வாரத்தில் மௌமி ஆற்று நீர் கைவிரல் மரத்துப்போகும் குளிரில் இருக்கும். அது 5.5 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துத் தூண்டில்காரர்கள் அலுவலகத்தில் விடுப்பு கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஈரி ஏரியில் வாழும் வால்ஐ மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும் பருவம் அது. 5.5-இலிருந்து 11 டிகிரி வரைதான் அதன் காலம். ஏப்ரல் கடைசிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் தொடங்கி, சுமார் 220 கிலோமீட்டர் ஓடி, டொலிடோ நகரில் ஏரியில் கலக்கிறது மௌமி. ஈரி உள்ளிட்ட ஐம்பேரேரிகளில் சேரும் ஆறுகளில் மிகப் பெரிய நீர்ப்பிடிப்புப் பரப்புள்ளவற்றில் இதுவும் ஒன்று: ஏறக்குறைய 17,000 சதுர கிலோமீட்டர். ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர் என்றால், மௌமி கலக்கும் மேற்குப் பகுதியின் ஆழம் 7.4 மீட்டர்தான். ஆழம் குறைந்த நீர் முதலில் சூடேறுகிறது. வசந்தமும் அங்கேதான் முதலில் வருகிறது.

பெரிஸ்பர்க், மௌமி ஆகிய இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஆறு பாறையும் கூழாங்கல்லுமாக விரிகிறது. மீனுக்கு வேண்டிய தரை அதுவே. மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்கிறார்கள். தூண்டில் நரம்பில் ஓர் ஈயக்குண்டு, அதற்குப் பின்னால் இரண்டடி நரம்பு, அதன் நுனியில் மிதக்கும் தலையும் வாலாடும் ரப்பர் புழுவும் கொண்ட ஒற்றை முள். மேல்நீரில் வீசினால் ஈயம் அடியில் டொக் டொக்கென்று கல்லைத் தட்டியபடி உருண்டு வரும். அந்தத் தட்டல் சட்டென நின்றால் மீனாக இருக்கலாம்; பெரும்பாலும் கல்லிடுக்காகத்தான் இருக்கும். நரம்பு அறுந்துபோகும். புதிதாகக் கட்ட வேண்டும்.

விதிகளும் எண்களாகவே இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 வால்ஐ. ஒவ்வொன்றும் 15 அங்குலத்துக்கு, அதாவது 38 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த ஆற்றுப் பகுதியில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை மட்டுமே தூண்டில் போடலாம். ஒற்றை முள்தான். முள் வாயில் மாட்டாமல் வயிற்றிலோ வாலிலோ குத்தியிருந்தால் அந்த மீனை உடனே விட்டுவிட வேண்டும். நெரிசலான ஆற்றில் இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. இது இல்லையென்றால் தூண்டில் கொக்கியாக மாறிவிடும்.

இனி பணக் கணக்கு. 100 கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் ஒருவர் ஒரு பருவத்தில் 4 நாள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாநிலவாசிக்கு ஆண்டு உரிமம் 25 டாலர். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரிமமே வேண்டாம். மற்ற விலைகளை நடுத்தரமாக எடுத்துக்கொள்கிறேன்:

ரப்பர் உடுப்பு: 120 டாலர்
தூண்டில் கழியும் ரீலும்: 80
நரம்பு, சில்லறைச் சாமான்: 15
ஆற்றில் தொலையும் ஈயமும் முள்ளும், நாளுக்கு 15 வீதம்: 60
பெட்ரோல், நாளுக்கு 14 வீதம்: 56
உரிமத்தோடு மொத்தம்: 356 டாலர்

நான்கு நாளும் ஆறாறு மீன் கிடைத்தால் 24 மீன். ஒன்று 900 கிராம், அதில் முள்ளும் தலையும் தோலும் போகத் தேறும் சதை 40 சதவீதம் என்றால், மொத்தம் 8.6 கிலோ. ஒரு கிலோவுக்கு 41 டாலர் அடக்கம். கடையில் வெட்டிச் சுத்தம் செய்த வால்ஐ ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும். மீன் பாதியாகக் குறைந்தால் அடக்கவிலை 82 டாலருக்கு ஏறிவிடும். அடுத்த ஆண்டு உடுப்பும் கழியும் கையில் இருப்பதால் செலவு 156 டாலர்தான், கிலோவுக்கு 18. ஆக, இது மலிவான மீன் என்று சொல்ல இரண்டு வருடப் பொறுமையும் நல்ல கைராசியும் வேண்டும். குடும்பத்தில் இருவர் வந்தால் பெட்ரோல் பங்காகிறது. அதனால்தான் தகப்பனும் மகனும் சேர்ந்து நிற்பதை அங்கே அதிகம் பார்க்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் செலவில் ஒரு பங்கு மீனுக்கே திரும்பிப் போகிறது. 1950-இல் இயற்றிய டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, கழி, ரீல், முள் போன்றவற்றின் மீது தயாரிப்பாளரிடம் பொதுவாக 10 சதவீத வரி வசூலித்து, மாநிலங்களின் மீன்வளப் பணிக்குத் தருகிறது அமெரிக்க அரசு. உரிமக் கட்டணமும் அந்தப் பணிக்குத்தான்.

முட்டையிட வரும் மீனையே பிடிக்கலாமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதற்கு ஆறு வைத்திருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆண் மீன்கள் முதலில் வந்து பல வாரம் தங்குகின்றன. பெண் மீன் வந்து, முட்டையை விட்டு, ஏரிக்குத் திரும்பிவிடுகிறது. எனவே தூண்டிலில் சிக்குபவை பெரும்பாலும் ஆண்களே. கையில் தூக்கினாலே பால் போல விந்து வடியும். பெண் மீனுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 60,000 முட்டை. 4 கிலோ மீன் ஒரு வசந்தத்தில் 2,40,000 முட்டைகளைக் கல்மேல் சிதறிவிட்டுப் போகிறது. கூடு கிடையாது, காவலும் கிடையாது. வாழ்நாளில் ஆறு தடவை முட்டையிட்டால் 14.4 லட்சம். அதில் இரண்டே இரண்டு வளர்ந்து பெரிதானால் போதும், இனம் குறையாது. 7.2 லட்சத்துக்கு ஒன்று! மற்றவற்றை வண்டலும் வெள்ளமும் பிற மீன்களும் கொண்டுபோகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும் குஞ்சு, 20 கிலோமீட்டருக்கு மேல் நீரோடு மிதந்து ஏரிக்குப் போய், உடனே இரை தேடியாக வேண்டும். அந்த நாட்களின் வானிலைதான் ஓர் ஆண்டு மீன்வளத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு ஆண் மீனைச் சட்டிக்குக் கொண்டுபோவது இந்தக் கணக்கில் மிகச் சிறிய பற்று. வயிறு புடைத்த பெரிய பெண் மீனை விட்டுவிடச் சட்டம் சொல்லவில்லை. நான் விட்டுவிடச் சொல்வேன்.

இதே ஏரியின் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. அது மே மாதம், நீர் 15 டிகிரியைத் தாண்டிய பிறகு முட்டையிடும். ஒரு கூட்டில் சில ஆயிரம் முட்டைகள்தான். ஆண் மீன் வாலால் சரளையைத் துடைத்துக் கூடு செய்து, முட்டை பொரித்துக் குஞ்சுகள் நீந்திப் போகும்வரை காவல் நிற்கிறது. கூட்டருகே எது வந்தாலும் பாயும். தூண்டில் மீதும் பாயும். அதைப் பிடிப்பது அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. 1990-இல் ஐம்பேரேரிகளில் முதலில் கண்டறியப்பட்ட உருண்டைக் கோபி என்ற விரலளவு அந்நிய மீன் சுற்றிலும் காத்திருக்கிறது. தகப்பனைத் தூக்கிய சில நிமிடங்களில் கூட்டுக்குள் நுழைந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். பிடித்து, படமெடுத்து, மறுபடி விட்டாலும் அந்த நேரம் போதும். எனவேதான் மே 1 முதல் ஜூன் நான்காம் வாரம் வரை ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாஸ், அதுவும் 18 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது ஒஹாயோ. மற்ற மாதங்களில் 14 அங்குலத்துக்கு மேல் 5 மீன். நான் இன்னும் ஒருபடி மேலே போவேன்: கூட்டின் மேல் நிற்கும் பாஸுக்குத் தூண்டிலே போடக் கூடாது.

ஏரியின் மேற்கு, நடுப் பகுதிகளுக்கான வால்ஐ வரவுசெலவு ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. ஐம்பேரேரி மீன்வள ஆணையத்தின் கீழ் இயங்கும் ஈரி ஏரிக் குழு, அந்த ஆண்டு எத்தனை மீன் பிடிக்கலாம் என்று அறிவிக்கும். 2010-இல் 22 லட்சம். 2022-இல் 1 கோடியே 45 லட்சம். இடையில் 2015, 2018, 2019 ஆண்டுகளின் குஞ்சுகள் அபாரமாகத் தேறின. நீர்ப்பரப்பை வைத்துப் பங்கு பிரிக்கிறார்கள்: ஒஹாயோவுக்கு 51.11 சதவீதம், கனடாவின் ஒன்டாரியோவுக்கு 43.06, மிச்சிகனுக்கு 5.83. அதன்படி 2022-இல் ஒஹாயோவின் பங்கு 74 லட்சம் மீன். ஒன்டாரியோவில் வணிக வலைகள் உண்டு. ஒஹாயோவின் பங்கு முழுக்கத் தூண்டிலுக்கே. 1970-இல் மீனில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு வால்ஐ பிடிப்பே நிறுத்தப்பட்ட ஏரி இது.

தூண்டில்காரர்கள் செலுத்தாத ஒரு கடனும் இந்த ஆற்றின் பேரில் இருக்கிறது. வால்ஐ ஏறும் மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை, வயல்களிலிருந்து உரத்தின் பாஸ்பரஸ் மௌமி வழியே ஏரிக்குப் போகிறது. அது வளர்க்கும் பாசியின் நஞ்சால் 2014 ஆகஸ்டில் டொலிடோ பகுதியில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் மூன்று நாள் குழாய்நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். 2008-ஐ அடிப்படையாக வைத்து 40 சதவீதம் குறைத்து, இந்த ஐந்து மாத அளவை 860 டன்னுக்குள் கொண்டுவர 2016-இல் அமெரிக்காவும் கனடாவும் இலக்கு வைத்தன. கழிக்கும் முள்ளுக்கும் வரி கட்டுபவரிடம் மீனைக் காப்பாற்றச் சொல்வது எளிது. உரத்தைக் குறைக்கச் சொல்லி நிலத்துக்குப் போவதுதான் கடினம். மீனுக்கும் டொலிடோவின் குழாய்நீருக்கும் தேவைப்படுவது அந்தக் கடினமான வேலைதான்.

வரவுப் பக்கத்தில் ஒன்று சேர்ந்தது பக்கத்து ஆறான சாண்டஸ்கியில். ஃப்ரீமான்ட் ஊருக்கு மேலே 1913-இல் கட்டிய பால்வில் அணை, வால்ஐ மேலே ஏற வழியில்லாமல் நூறாண்டுக்கு மேல் மறித்து நின்றது. 2018-இல் அதை இடித்தார்கள். 35 கிலோமீட்டர் ஆறு மீனுக்குத் திறந்தது.