மிஸ்ஸியம்மா (திரைப்படம்)

மிஸ்ஸியம்மா 1955 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் நகைச்சுவைத் திரைப்படமாகும். எல். வி. பிரசாத் இயக்கிய இத்திரைப்படத்தில் ஜெமினி கணேசன், சாவித்திரி, கே. ஏ. தங்கவேலு, ஜமுனா, எஸ். வி. ரங்காராவ் முதலியோர் நடித்துள்ளனர். இது மிஸ்ஸம்மா என்ற பெயரில் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது.

கதைச்சுருக்கம்

சிற்றூர்ப் பள்ளியொன்றிற்குக் கணவன் மனைவியராக உள்ள பட்டதாரி ஆசிரியர்கள் தேவைப்படுகின்றனர். வேலையற்ற இந்து இளைஞனும், கடனில் சிக்கிய கிறித்தவப் பெண்ணான மேரியும் தம்பதியராக நடித்து அப்பணியில் சேர்கின்றனர். பள்ளியை நடத்தும் ஜமீன்தார் குடும்பம் மேரியை மகள் போல நடத்துகிறது. பழக்கமில்லாத இந்துக் குடும்ப வழக்கங்களுக்கு மேரி முகம் சுளிப்பதும், இளைஞன் அதனைச் சமாளிப்பதும் நகைச்சுவைக்கு இடமளிக்கின்றன.

கதையமைப்பும் பார்வையாளரும்

ஜமீன்தாரின் காணாமற்போன மகளே மேரி என்பதும், நடிப்புத் திருமணம் உண்மைத் திருமணமாகும் என்பதும் பார்வையாளர் எளிதில் ஊகிக்கக்கூடியவை. பாத்திரங்கள் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருப்பதே சிரிப்பை விளைவிக்கிறது. எனவே முடிவு தெரிந்திருந்தும் படம் வெற்றி பெற்றது. 1957 இல் மிஸ் மேரி என இந்தியிலும் எடுக்கப்பட்டது.

எனினும், மேரி பிறப்பால் இந்து என்று காட்டப்படுவதால், மதம் கடந்த திருமணம் பற்றிய கேள்வி விடை பெறாமலேயே விலகிவிடுகிறது. பட்டம் பெற்றும் பிழைப்பிற்காகப் பொய் சொல்ல நேரும் நிலையைப் படம் தொடக்கத்திலேயே காட்டுகிறது; அச்சிக்கலைத் தீர்ப்பதும் ஜமீன்தாரின் செல்வமே.